காதர் பாயிடம் நீ சொன்ன பொய்

எபி,

வழக்கமாக உனக்கு எழுதும்போது ‘கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு’ என்று ஆரம்பிப்பேன். இன்றைக்கு அந்த வரியை எழுதக் கை வரவில்லை. அதனால் பெயரோடு நிறுத்திக்கொண்டேன். போனில் பேசினால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், உங்கம்மா போனைப் பிடுங்கி "துன்னியாடா" என்று கேட்பாள், அதோடு விஷயம் அமுங்கிப் போகும். இது அமுங்கக் கூடாத விஷயம். ஸ்ரீ சிட்டியில் ஷிப்டு முடிந்து ரூமுக்குப் போய், முகம் கழுவிக்கொண்டு, உன் கூட்டாளிகள் யாரும் பக்கத்தில் இல்லாதபோது இதைப் படி. பாதியில் வைத்துவிடாதே. உன் கல்யாணத்துக்கு அதிக நாள் இல்லை, அதற்குள் நீ செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது.

திருப்பதியில் உன் நிச்சயதார்த்தம் நடந்ததே, அந்த மண்டபத்தில் நீ செய்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன். நமக்கு லெந்து தவக்காலம் முடிந்து, அவர்களுக்கு நோன்புப் பெருநாள் முடிந்து, எல்லோருக்கும் தோதான நாளாகப் பார்த்து வைத்தோம். சத்தியவேட்டிலிருந்து வேனில் நாம் கூட்டிப்போனவர்களில் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கறிக்கடை வைத்திருக்கும் காதர் பாயும் அவர் மனைவி மெஹரூனும் இருந்தார்கள். சாப்பாட்டுப் பொறுப்பை நீதான் கேட்டு வாங்கிக்கொண்டாய். பந்தியில் உட்கார்ந்ததும் பாய் உன்னைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்: "தம்பி, கறி யாரு அறுத்தது?" நீ ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "எல்லாம் நம்ம பாய் கடைதான் பாய். நான்தான் சொல்லி வெச்சேன். தைரியமா துன்னுங்க." நான் அடுத்த இலையில் இருந்தேன். நிச்சயதார்த்த அமளியிலும் இதையெல்லாம் நினைத்துச் செய்திருக்கிறானே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. மெஹரூன் இன்னொரு கரண்டி பிரியாணி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நானே கூப்பிட்டுப் போடச் சொன்னேன்.

அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தவன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாய். பாய் சாப்பிடுவதை யாரோ தூணுக்குப் பின்னாலிருந்து படம் பிடித்திருந்தார்கள். பின்னால் உன் கூட்டாளிகள் சிரிக்கிற சத்தம். நீயும் சிரித்தாய். "பாத்தியா நைனா? சமையல்காரன் பாய் கடைலதான் வாங்கறேன்னான். நான்தான் வேணாம்னு வேற கடைல வாங்க வெச்சேன். ஹலாலும் இல்ல, ஒண்ணும் இல்ல. நல்லா துன்னாரு இல்ல? ஏமாயிந்தி, இன்னா ஆயிடுச்சி? வானம் இடிஞ்சி உழுந்துச்சா?" என்றாய். நான் கை ஓங்கிவிட்டேன். உங்கம்மா நடுவில் வந்து நிற்காவிட்டால், மாப்பிள்ளை ஆகப்போகிறவன் என்றும் பார்த்திருக்க மாட்டேன். நீ பைக்கை எடுத்துக்கொண்டு போனவன், மன்னிப்புக் கேட்டு ஒரு வார்த்தை அனுப்பினாயா? இல்லை. இஸ்லாமையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டு எவனோ ஒருவன் மூச்சு விடாமல் பேசுகிற வீடியோவை அனுப்பினாய். கூடவே உன் குரலில், "இத கேளு நைனா. ரெண்டையும் கம்பேர் பண்ணிப் பாரு. அப்ப நான் செஞ்சது உனுக்குப் புரியும்."

கேட்டேன். முழுக்கக் கேட்டேன். அவன் ஒப்பிடவில்லை, எபி. நம் சபையில் நல்லவர்களாகப் பத்துப் பேரையும் அவர்களில் கெட்டவர்களாகப் பத்துப் பேரையும் எதிரெதிரே நிறுத்திப் பந்தயம் ஓட்டுகிறான். இதே வேலையை அந்தப் பக்கத்தில் செய்கிறவனும் ஒருவன் இருப்பான். உன் ரூமில் யாரோ ஒரு பையன் "உங்க வேதத்த மாத்திட்டாங்க, உங்களுக்கு மூணு சாமி" என்று உன்னைச் சீண்டினான் என்று உங்கம்மாவிடம் சொன்னாயாம். சீண்டினவனிடம் பேச வேண்டியதை அவனிடம் பேசியிருக்க வேண்டும். அங்கே வாய் அடைத்துப் போய், அந்தக் கோபத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, உன்னைத் தோளில் தூக்கித் திரிந்த மனுஷன் இலையில் கொட்டினாய். இதற்குப் பெயர் விசுவாச வீரமா?

நான் ரெண்டும் ஒன்றுதான் என்று சொல்கிற ஆளும் இல்லை. அப்படிச் சொல்கிறவர்களைக் கண்டாலும் எனக்கு எரிச்சல்தான் வரும். ரெண்டையும் உட்கார்ந்து பார்க்காத சோம்பேறிகள் பேசுகிற பேச்சு அது. ஒன்று இல்லை. பஸ் ஓட்டின காலத்தில் நாகலாபுரத்தில் வண்டி நிற்கும்போதெல்லாம் நானும் பாயும் டீக்கடையில் இதைத்தான் பேசுவோம். பாய் ஆடு வாங்க அந்தப் பக்கம் வருவார். கடவுளுக்குப் பிள்ளை என்று சொல்வதே அவருக்குக் காது கூசும். அவன் ஒருவன், யாரையும் பெறவில்லை, யாருக்கும் பிறக்கவில்லை என்பார். நமக்கோ அவரை அப்பா என்று கூப்பிடாவிட்டால் ஜெபமே வாயில் வராது. மரியாள் கன்னியாக இருந்து இயேசுவைப் பெற்றாள் என்பதை அவரும் நம்புகிறார். ஈசா நபி என்று மரியாதையாகத்தான் சொல்வார், திரும்பி வருவார் என்றும் சொல்வார். சிலுவை என்றதும் நின்றுவிடுவார். ஒரு நாள் கேட்டார்: "அவ்ளோ பெரிய நபிய ஆணி அடிக்கிற வரைக்கும் அல்லா பாத்துக்கினு இருப்பானாண்ணா? உட மாட்டான். காப்பாத்திப்பான்." நான் சொன்னேன்: "யாரும் உடல பாய். அவரே நமக்காவ வந்து மாட்டிக்கினாரு." அவர் ஒப்பாமல் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். அவருடைய மரியாதை அவருக்கு, என் நன்றி எனக்கு. சிலுவையை எடுத்துவிட்டால் நம் வீட்டில் நடுக்கம்பம் இல்லை. அதை வைத்தால் அவர் வீட்டில் இடம் இல்லை. இது சின்ன வித்தியாசமா? இத்தனை வருஷத்தில் அவரும் மாறவில்லை, நானும் மாறவில்லை. டீ மட்டும் ஆறிப் போகும், வேறொன்று வாங்கிக் குடிப்போம்.

தொழுகையை நீ தேகப்பயிற்சி என்றாய். கை கால் கழுவி, திசை பார்த்து, ஒரு நாளைக்கு ஐந்து வேளை வியாபாரத்தை விட்டுவிட்டு எழுந்து போகிறார்கள். நமக்கு வேளையும் இல்லை, திசையும் இல்லை, கண்ணை மூடினால் போதும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நல்லதுதான். அந்தச் சுதந்திரத்தை வைத்துக்கொண்டு நீ எப்போது கண்ணை மூடினாய் என்று உனக்குத்தான் தெரியும். உங்கம்மா மூடுகிறாள், பாதி ஜெபத்தில் குறட்டை கேட்கிறது. நோன்பும் அப்படித்தான். நாம் உபவாசம் இருந்தால் பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாது என்பது நமக்குச் சொல்லப்பட்டது. அவர்கள் ஊரோடு சேர்ந்து இருக்கிறார்கள், சேர்ந்து திறக்கிறார்கள். சித்திரை வெயிலுக்கு முன்னோட்டமாக இங்கே அனல் அடிக்கிற மாதத்தில், பாய் எச்சில்கூட விழுங்க யோசித்துக்கொண்டு கடையில் நின்று கறி வெட்டினார். அதே சமயம் லெந்தில் நீ எதை விட்டாய்? பப்ஸ் விட்டேன் என்றாய். அதையும் இரண்டாவது வாரத்தில் சத்தியவேடு பேக்கரியில் கையும் களவுமாகப் பிடித்தேன். ஒப்பிடச் சொன்னாயே, ஒப்பிடுகிறேன், கேட்டுக்கொள்.

இனி கறிக்கு வருகிறேன். அவர்கள் அறுக்கும்போது கடவுள் பெயரைச் சொல்ல வேண்டும், ரத்தம் முழுக்க வடிய வேண்டும், அதுதான் அவர்கள் முறை. நமக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு இல்லை, ரத்தப் பொரியலை நீயே போட்டி போட்டுக்கொண்டு தின்பாய். ஆனால் ஆரம்பத்தில் நம் அப்போஸ்தலர்களும் கூடி உட்கார்ந்து, ரத்தத்தையும் நெரித்துச் செத்ததையும் தொட வேண்டாம் என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். உன் வீடியோக்காரன் அதைச் சொன்னானா? வேதம் உள்ளவர்கள், அதாவது நம்மைப் போன்றவர்கள், அறுத்ததைத் தின்னலாம் என்று அவர்களிலும் சில பெரியவர்கள் சொல்வதுண்டு, பாயே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அவருக்கு அதில் மனம் ஒப்பவில்லை, அவ்வளவுதான். ஒப்புவதும் ஒப்பாததும் அவர் இஷ்டம். அவருக்காக முடிவெடுக்க நீ யார்? நாம் தின்கிற ஒன்று இன்னொருவன் மனதை இடறச் செய்யும் என்றால் கறியையே தொடமாட்டேன் என்று எழுதி வைத்த அப்போஸ்தலனை, வாலிபர் கூட்டத்தில் மனப்பாடமாக ஒப்பித்துப் பரிசு வாங்கினவன் நீ. அந்தப் பரிசு இன்னும் நம் அலமாரியில் இருக்கிறது. எடுத்துத் தெருவில் எறியலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உனக்குச் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. சொல்ல வேண்டிய அவசியமே வராது என்று நினைத்தோம். நம் ஜனங்கள் நிலம் இல்லாதவர்கள், அடுத்தவன் வயலில் கூலிக்கு நின்றவர்கள். மிஷன் துரைமார் வந்து, ஞானஸ்நானம் வாங்கி, பள்ளிக்கூடம் போய், வேலைக்குப் போய், கல்யாணத்துக்கு ஊர்ப் பெரிய சாதிக்காரர்களைக் கூப்பிட்டால் என்ன நடக்கும் தெரியுமா? வருவார்கள். வாசலில் நின்று மொய் எழுதுவார்கள். தேங்காய் வெற்றிலையை வாங்கிக்கொள்வார்கள். பந்தியில் உட்கார மாட்டார்கள். வயிறு சரியில்லை என்பார்கள், வெள்ளிக்கிழமை என்பார்கள், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்பார்கள். என் கல்யாணத்தில் போட்ட பந்தலில் பாதி இலை சும்மா கிடந்தது. மீதியில் நம்மோடு வந்து உட்கார்ந்தவர்கள் பள்ளிவாசல் தெருக்காரர்கள். அவர்கள் உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் என் நைனா, காதர் பாயின் அப்பாவைக் கூப்பிட்டு நம் வீட்டு ஆட்டை அறுக்கச் சொன்னார். அன்றிலிருந்து நம் வீட்டுக் கல்யாணத்துக்கு ஆடு அறுக்க அந்த வீட்டிலிருந்துதான் ஆள் வரும். சபையில் மற்ற வீடுகளும் அதையே பிடித்துக்கொண்டன. நீ இதை ஏதோ நாம் அவர்களுக்குப் பயந்து செய்கிற சடங்கு என்று நினைத்துக்கொண்டாய். நம் கையால் சாப்பிடுகிறவனுக்கு நாம் செய்த மரியாதை அது. நம்மை மனுஷனாக மதித்து இலை முன்னால் உட்கார்ந்தவனுக்கு வேறு என்னத்தைக் கொடுப்போம்?

நீ பைக்கில் போன மறுநாள் காலையிலேயே நான் பாய் கடைக்குப் போனேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று உங்கம்மா சொன்னாள். "தெரியாம துன்னுட்டாங்க, தெரியாமலே போவட்டுமே" என்றாள். எனக்கு முடியவில்லை. கூட்டம் குறைந்ததும் சொன்னேன். பாய் கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"கறி போவட்டும்ணா. தெரியாம துன்னது எங்க மேல வராது. அல்லாவுக்குத் தெரியும். ஆனா நான் கேட்டனே. வாயத் தொறந்து கேட்டனே அவன. என் மூஞ்சப் பாத்து சொன்னானே."

நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை. குரல் ஏறிவிட்டது. பக்கத்துக் கோழிக்கடைக்காரன் எட்டிப் பார்த்தான்.

"நீயும் பக்கத்து எலைலதான குந்திக்கினு இருந்த? எம் பொஞ்சாதிக்கு இன்னொரு கரண்டி போடுன்னு நீதான சொன்ன? உனுக்குத் தெரியாதுன்னு நான் எப்டி நம்பறது?"

"சத்தியமா தெரியாது பாய். நேத்துதான் தெரியும்."

"உம் புள்ளயும் அன்னிக்கு இப்டிதான் சொன்னான்" என்றார்.

எபி, எனக்கு அறுபது தாண்டிவிட்டது. வாழ்நாள் முழுக்க மலைப்பாதையிலும் நெடுஞ்சாலையிலும் ஜனங்களை உட்கார வைத்து வண்டி ஓட்டினேன். இவன் ஓட்டினால் தூங்கலாம் என்று சொல்லித் தூங்கினவர்கள் உண்டு. என்னைப் பார்த்து, உன்னை எப்படி நம்புவது என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. அவர் கேட்டதில் என்ன தப்பு? உன் மேல்தான் வந்தது, இன்னும் அடங்கவில்லை, இதை எழுதும்போதும் பேனா காகிதத்தைக் கிழிக்கிறது.

கிளம்பும்போது கேட்டேன், கல்யாணத்துக்கு வருவீர்களா என்று. அவர் வெட்டுக்கட்டையைத் துடைத்தார். பிறகு சொன்னார்: "வருவோம். உம் மூஞ்சிக்காவ வருவோம். கோயிலுக்கு வந்து குந்தி, பொண்ணு மாப்ளயப் பாத்துட்டு, மொய் எழுதிட்டுப் போயிர்றோம். ஆடு அறுக்க வேற ஆளப் பாத்துக்கோண்ணா. பந்தில குந்த மாட்டோம்."

புரிகிறதா உனக்கு? அந்த வார்த்தையை நான் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. முன்பு சொன்னவர்கள் நம் பிறப்பைப் பார்த்துச் சொன்னார்கள். அவர்களைத் திட்டவாவது எனக்கு வாய் இருந்தது. இவர் நீ செய்ததைப் பார்த்துச் சொல்கிறார், நான் வாயை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு வந்தேன். நம் பந்தியில் முதலில் உட்கார்ந்த குடும்பத்தை நீ ஒரே பொய்யில் எழுப்பி அனுப்பிவிட்டாய். அதைப் படம் வேறு பிடித்து வைத்திருக்கிறாய்.

ரெண்டையும் ஒப்பிட்டுப் பார் என்றாய் அல்லவா, கடைசியாக ஒன்றை ஒப்பிட்டுவிடுகிறேன். மனுஷனுக்குச் செய்த தப்பை அந்த மனுஷன் மன்னிக்காமல் இறைவன் மன்னிப்பதில்லை என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. உன் மேல் ஒருவனுக்குக் குறை இருந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு சரிசெய்துகொள் என்று நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. தின்கிறது, கழுவுகிறது, கும்பிடுகிறது எல்லாவற்றிலும் வேறு வேறாகப் போகிற ரெண்டும் இங்கே ஒரே பேச்சுப் பேசுகின்றன. வாய்க்குள் போவதை விட வாயிலிருந்து வருவதுதான் மனுஷனைக் கெடுக்கும் என்று நம் ஆண்டவர் சொன்னதும் உனக்குத் தெரியும். பாய் வாய்க்குள் போனதால் பாய் கெட்டுப்போகவில்லை. உன் வாயிலிருந்து வந்ததுதான் நாற்றம். இதில் எந்த மதம் உனக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லும் என்று அந்த வீடியோக்காரனையே கேட்டுப் பார்.

வரும் ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் நீ பாய் வீட்டுக்குப் போக வேண்டும். தனியாகப் போ. நம் சபை ஐயரைத் துணைக்குக் கூப்பிடாதே, என்னையும் கூப்பிடாதே. கடைக்குப் போகாதே, வீட்டுக்குப் போ, மெஹரூனும் கேட்க வேண்டும். அவருக்கு இதை எப்படிச் சொல்வது என்று பாய் அன்றைக்குத் தடுமாறினார், அந்தப் பாரத்தை அவர் சுமக்கக் கூடாது. விளையாட்டுக்குச் செய்தேன் என்று சொல்லாதே. ஏமாற்றினேன் என்று சொல். நைனாவுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல், எனக்கு அந்த ஒரு வாக்கியம் வேண்டும். அவர்கள் முன்னால் அந்தப் படத்தை அழி, உன் கூட்டாளிகளையும் அழிக்கச் சொல். திட்டினால் வாங்கிக்கொள். கதவைச் சாத்தினால் வாசலில் நில். மன்னிப்பதும் மன்னிக்காததும் அவர்கள் பாடு. அதற்குக் கெடு வைக்க உனக்கு உரிமை இல்லை.

போகவில்லை என்றால் உன் கல்யாணத்தை நிறுத்த மாட்டேன். அந்தப் பெண் என்ன பாவம் செய்தது? கோயிலில் முதல் வரிசையில் நிற்பேன், பாட்டுப் பாடுவேன், ஆசீர்வாதத்துக்குத் தலை குனிவேன். பந்தி ஆரம்பித்ததும் வெளியே வந்து, மொய் எழுதிவிட்டு நிற்கிற பாய் பக்கத்தில் நிற்பேன். சம்பந்தி வீட்டார் கேட்டால் காரணத்தைச் சொல்வேன், மறைக்க மாட்டேன். நீ மாலையும் கழுத்துமாக வந்து, "துன்ன வா நைனா" என்று என் கையைப் பிடித்து இழுத்தாலும் வர மாட்டேன். உன் கல்யாணத்தில் அவருக்கு இலை விழுந்த பிறகுதான் எனக்கு இலை.

நைனா